மதில் இல்லாத பூனை

ஓட்டு வீடுகள் வரிசையாக நின்ற தெருவில் ஒரு பூனையை யாராலும் முழுசாகக் கைவிட முடியாது. காவிரிப் படுகையில் நான் வளர்ந்த தெரு அப்படிப்பட்டது. எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நின்றன. கூரைக்குக் கூரை நாட்டு ஓடு தொடர்ந்து போகும். தெருக்கோடியில் ஏறிய பூனை தரையில் கால் வைக்காமல் மறுகோடிக்குப் போய் இறங்கும். கொல்லையில் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கொல்லை. ஒரு வீட்டில் தட்டு காலியாகக் கிடந்தால் பூனை மதிலேறி அடுத்த வீட்டுக்குப் போகும். எந்த வீட்டில் எந்தக் கிழமை மீன், எந்தத் திண்ணையில் பிள்ளைகளின் தொந்தரவு கிடையாது என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பெயர், நாலு வீடு தள்ளி வேறு பெயர். இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கும்.

நெல் இருந்த வீடுகள் அவை. பத்தாயத்தைச் சுற்றி எலி இருந்தது, எலியைச் சுற்றிப் பூனை இருந்தது. யாரும் பூனையை விலைக்கு வாங்கியதாக அந்த நாளில் நான் கேள்விப்பட்டதே இல்லை. குட்டி போட்ட வீட்டில் சொல்லிவைத்தால், பால்குடி மறந்ததும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தப் பூனைகளின் வாழ்வு பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. குட்டிகளில் பல பிழைக்காது. தொல்லை என்று தோன்றினால் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு வருவார்கள். நோய் கண்டால் மருந்து என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் ஒரு வீட்டின் மறதி ஒரு பூனையின் உயிரை எடுத்துவிடாது. மறந்த வீட்டுக்கும் நினைத்த வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான் இருந்தது, அதில் ஏறத் தெரிந்த கால்கள் பூனைக்கு இருந்தன.

இப்போது நான் இருப்பது பெரம்பூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காவது மாடி. எங்கள் சமையலறைச் சன்னலுக்கு எதிரே, காற்று வருவதற்காக விட்ட இடைவெளியைத் தாண்டி, அடுத்த வீட்டாரின் துணி துவைக்கும் பால்கனி. புறா வராமலிருக்க வலை அடித்திருக்கிறார்கள். வலைக்குள்ளே ஒரு வாஷிங் மெஷின், பழைய பக்கெட்டுகள், ஏசியின் வெளிப்பெட்டி. அதற்குக் கீழே ஒரு வெள்ளைப் பூனை. பெயர் ஸ்னோயி.

பெர்சியன் பூனை. 2020 ஊரடங்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, ஒற்றைப் பிள்ளை வீட்டுக்குள் ஏங்கிப்போகிறாளே என்று மகளுக்காக வாங்கியது. அந்த நாள்களில் சென்னையில் எத்தனையோ வீடுகளுக்கு நாய்க்குட்டிகளும் பூனைக்குட்டிகளும் இப்படித்தான் வந்து சேர்ந்தன. விற்பவர்கள் முகத்தை வைத்து விலை சொல்வார்கள். மூக்கு ஓரளவு நீண்டிருந்தால் டால் ஃபேஸ், பாதி தட்டையாக இருந்தால் செமி பஞ்ச், கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே மூக்கு அமுங்கியிருந்தால் பஞ்ச் ஃபேஸ். மூக்கு எவ்வளவு உள்ளே போகிறதோ விலை அவ்வளவு மேலே போகும். ஸ்னோயி செமி பஞ்ச். விலை பதினெட்டாயிரம் ரூபாய்.

பெர்சியன் என்றதும் பாரசீகத்து அரண்மனை நினைவுக்கு வரலாம். அந்தப் பக்கத்திலிருந்து நீள்முடிப் பூனைகள் சில நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவுக்குப் போனது உண்மைதான். ஆனால் இன்றைய பெர்சியன் பூனைகளின் மரபணுவைப் பார்த்தவர்கள், அவை ஈரானின் பூனைகளைவிட மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருக்கம் என்று கண்டிருக்கிறார்கள். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1871-இல் நடந்த பெரிய பூனைக் கண்காட்சியில் இவை இடம்பெற்றன. அதற்குப் பிறகு பரிசுக்காகவும் அழகுக்காகவும் தலைமுறை தலைமுறையாக முகத்தை அமுக்கிக்கொண்டே வந்தார்கள். கண்ணீர் மூக்கு வழியாக இறங்கும் குழாய் அந்த முகத்தில் கோணிவிடுகிறது. அதனால் கண்ணீர் கன்னத்தில் வழிந்து கறையாக நிற்கும், தினமும் துடைக்க வேண்டும். மூச்சுவழி குறுகியது. உள்முடி பஞ்சு போன்றது, தினமும் சீவாவிட்டால் சிக்குப் பிடிக்கும். நாட்டுப் பூனை தன் நாக்காலேயே உடம்பு முழுக்கத் துப்புரவு செய்துகொள்ளும். பெர்சியனின் முடிக்கு அந்த நாக்கு போதாது. ஒரு மனிதக் கை நாள்தோறும் வந்தால்தான் நலமாக இருக்கும்படி மனிதர்களே செய்துவைத்த உடம்பு அது.

ஸ்னோயிக்கு அந்தக் கை இருந்தது. பள்ளி திறக்கும்வரை அந்தப் பெண்ணின் மடியை விட்டு அது இறங்கியதில்லை. பிறகு பிளஸ் ஒன் படிக்க அவளை நாமக்கல் பக்கம் விடுதியுள்ள பள்ளியில் சேர்த்தார்கள். அம்மா காலை ஏழரைக்கு வேலைக்குப் போனால் வர இரவு எட்டாகும். அப்பாவுக்கு இரவு வேலை, பகலில் தூங்க வேண்டும். உள்ளறையில் அவருடைய தாயார் படுத்த படுக்கை. பூனையின் முடி காற்றில் பறந்து அந்த அம்மாளுக்கு இருமல் வருகிறது என்று முதலில் இரவுகளில் மட்டும் பால்கனியில் விட்டார்கள். நாளடைவில் பகலிலும் கதவு திறக்கப்படவில்லை.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புறக்கணிப்பு என்றதும் குச்சியும் சூடும் நம் மனதில் வருகின்றன. அந்த வீட்டில் பூனையை யாரும் அடித்ததில்லை. தினமும் ஒரு கிண்ணத்தில் பாலோ தயிர்சாதமோ வைத்தார்கள். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையாகக் கம்பன் தன் அவையடக்கத்தில் தன்னைச் சொல்லிக்கொண்டான். அன்று முதல் இன்று வரை நமக்குப் பூனையும் பாலும் பிரியாத ஜோடி. ஆனால் வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிப்பதில்லை, வயிற்றால் போகும். பூனை முழுக்க முழுக்க ஊனுண்ணி. டாரின் என்ற சத்தை அதன் உடம்பு தேவையான அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. இறைச்சியிலும் மீனிலும்தான் அது கிடைக்கும். குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும். இதயத்தசை தளர்வதும் இதே குறையால்தான் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1987-இல் கண்டு சொன்னார்கள். தயிர்சாதத்தில் அது இல்லை. நாட்டுப் பூனை தயிர்சாதத்தைத் தின்றுவிட்டு ஓணானையும் எலியையும் பிடித்துக் கணக்கை நேர்செய்துவிடும். வலைக்குள் இருக்கும் பூனைக்குக் கிண்ணத்தில் விழுவதுதான் உலகம்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கியபோது நிலைமை மோசமானது. பகல் முழுக்க உள்ளே ஏசி ஓடும், அந்த அறையிலிருந்து வெளியே தள்ளிய அனல் முழுவதும் பால்கனியில் இறங்கும். பூனைக்கு வியர்வை பாதங்களின் அடியில் மட்டும்தான். நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கினால் இயல்பு என்று விட்டுவிடலாம். பூனை வாய் திறந்து மூச்சு வாங்கினால் அது ஆபத்தின் அறிகுறி. ஸ்னோயி வாயைத் திறந்துகொண்டு சுவரோரம் படுத்திருந்தது. அதைவிட என்னை உறுத்தியது அதன் மௌனம். முன்பெல்லாம் சமையலறை விளக்கைப் போட்டால் கத்தும். அந்த நாள்களில் கத்துவதையே நிறுத்தியிருந்தது.

தெரிந்தவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். புகார் கொடு என்றார் ஒருவர். அவர்கள் இல்லாத நேரம் பார்த்துத் தூக்கிவந்துவிடு என்றாள் விலங்குகள் மேல் மிகுந்த பிரியம் கொண்ட தோழி. வலையில் ஒரு துளை போட்டுத் தினம் மீன் துண்டு எறி, போதும் என்றார் இன்னொருவர்.

சட்டம் இருக்கிறது. அதன் பின்னணியில் ஒரு தமிழ்ப்பெண்ணின் பிடிவாதமும் இருக்கிறது. திருவான்மியூர் கலாக்ஷேத்திராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். மறு ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கூறியதால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த உறுதிதான் 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டமானது. 1962-இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர். நாட்டியத்துக்காக மட்டும் அவரை நினைப்பது அவருடைய வாழ்வில் பாதியை விட்டுவிடுவதாகும். அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, தன் விலங்குக்குப் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராத உரிமையாளரைக் குற்றவாளி என்கிறது. முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. 1960-இல் அது ஒரு தொகை. பல பத்தாண்டுகளாக மாறாமல் நின்றதால் இன்று அது வெறும் எண். ஒரு பூனையை வாங்கப் பதினெட்டாயிரம், அதைப் பட்டினி போட ஐம்பது என்று ஆகிவிட்ட சட்டத்தைத் திருத்தியே ஆக வேண்டும். நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பதற்கு 2017-இல் தனி விதிகள் வந்தன, அவற்றின் தலைப்பிலேயே நாய் மட்டும்தான். தட்டை முகத்துக்கு விலை ஏற்றி விற்கும் பூனை வியாபாரத்துக்கும் அப்படிப்பட்ட விதிகள் வேண்டும்.

ஆனால் புகார் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த வீட்டின் கதவு எங்களுக்கு மூடும். பால்கனியில் ஒரு படுதா தொங்கும். படுதாவுக்குப் பின்னால் பூனை அப்படியே இருக்கும். அடிதடியும் சித்திரவதையும் நடக்கும் இடத்தில் தயங்காமல் காவல்துறைக்கோ, சென்னையில் 1959-லிருந்து இயங்கிவரும் புளூ கிராஸ் போன்ற அமைப்புக்கோ சொல்லத்தான் வேண்டும். களைத்துப்போன ஒரு குடும்பத்தின் மறதிக்கு முதல் மருந்து அதுவல்ல.

திருடிக்கொண்டு வருவதை நான் ஏற்கவில்லை. மீன் துண்டு எறிவதையும் ஏற்கவில்லை. பின்னதற்குக் காரணம் சொல்ல வேண்டும், பலர் அதைக் கருணை என்று நினைக்கிறார்கள். தூரத்திலிருந்து எறியும் துண்டு எறிகிறவரின் மனத்தைத்தான் முதலில் ஆற்றுகிறது. சிக்குப்பிடித்த முடியை அது அவிழ்க்காது, புண்ணை ஆற்றாது, கோடையைத் தணிக்காது. நம் தெருக்களில் பத்து வீடு சோறு போட்டும் ஒரு வீடுகூட மருத்துவரிடம் கொண்டுபோகாத பூனைகள் ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்றுப் போட்டு, குட்டிகளை நோய்க்குப் பலிகொடுத்துக்கொண்டே இருக்கின்றன. அரைகுறையாகப் பார்த்துக்கொள்வதும் புறக்கணிப்பின் ஒரு வகைதான் என்பது என் திடமான எண்ணம்.

மூன்றாவது மாடியில் இருக்கும் பெரியவர் ஒருவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது அவரிடம் இதைச் சொன்னேன். நபிமொழி ஒன்றை நினைவுபடுத்தினார். ஒரு பூனையைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண் அதன் பொருட்டு நரகம் புகுந்தாள். அவள் அதற்குத் தானும் உணவு தரவில்லை, வெளியே போய் மண்ணில் கிடைப்பதைத் தின்னவும் விடவில்லை. "அந்த ரெண்டாவது பாதியத்தான் கவனிக்கணும்மா" என்றார் பாய். "சோறு போட முடியலயா, பரவால்ல, அவுத்து விடு. அவுத்தும் விடாம இருக்கறதுதான் பாவம்." சிறுவயதில் எங்கள் தெருவில் பார்த்ததை எனக்கு விளக்கிச் சொன்ன வாக்கியம் அது. அந்த வீடுகளும் பல நாள் சோறு போடவில்லை. ஆனால் யாரும் பூனையின் வழியை அடைக்கவில்லை. நாங்கள் இப்போது வசிக்கும் கட்டடங்களில் வழி அடைபட்டுவிட்டது. நான்காவது மாடியில் அவிழ்த்துவிட்டாலும் பூனை போவதற்கு இடமில்லை, பெர்சியனுக்குத் தெருவில் பிழைக்கவும் தெரியாது. ஆகவே மதில் செய்துவந்த வேலையைப் பக்கத்து வீட்டு மனிதர்கள்தான் செய்தாக வேண்டும். பூனையால் நம்மிடம் வர முடியாது, நாம்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மாலை போய்த் தட்டினேன். சாக்குப்போக்காகக் குழம்புக் கிண்ணமோ பண்டிகைப் பலகாரமோ எடுத்துக்கொண்டு போகவில்லை.

"ஸ்னோயிய நான் வச்சுக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

கதவைத் திறந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஏங்க்கா, ரொம்பக் கத்துதா? உங்களுக்குத் தூக்கம் கெடுதா?"

கட்டடங்களில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் அது முறையீடாகத்தான் இருக்கும் என்று நமக்குப் பழகிவிட்டது. தண்ணீர் ஒழுகுகிறது, வண்டியை மாற்றி நிறுத்துங்கள், டிவி சத்தத்தைக் குறையுங்கள்.

"இல்லம்மா, கத்தவே இல்ல. அதனாலதான் கேக்க வந்தேன்."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். அலுவலகப் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. "நாலு மாசமா நெனச்சிட்டே இருக்கேன்க்கா, யாருகிட்டயாச்சும் குடுத்துடலாம்னு. யாரு வாங்குவாங்க இந்த நெலமைல? பாப்பா லீவுக்கு வர்றதுக்கு முன்னாடி கொண்டுபோயி முடி வெட்டிட்டு வருவோம். இந்த வருஷம் ஸ்பெஷல் கிளாஸ்னு லீவும் விடல. ஞாயித்துக்கெழம போன்ல கேப்பா. நல்லா இருக்குடின்னு சொல்லுவேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. உள்ளறையிலிருந்து மாமியார் கூப்பிட்டார், எழுந்து போய் அவரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்தாள். ஒரு வீட்டின் கவனத்துக்கும் ஓர் அளவு உண்டு. அந்த வீட்டில் அது தீர்ந்துபோயிருந்தது, பூனைக்கு முன்னால் அது அந்தப் பெண்ணுக்கே தீர்ந்திருந்தது.

கணவர் ஒப்புக்கொள்ளத் தாமதமானது. "பதினெட்டாயிரம் குடுத்து வாங்குனதுக்கா, சும்மா எப்படி" என்று இழுத்தார். இதைப் பேராசை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. விலை கொடுத்து வாங்கிய எதையும் கொடுத்துவிடும்போது, அந்த விலை வீணாயிற்று என்ற வலி வரும். பழைய நாளில் குட்டியைச் சும்மா பெற்றார்கள், அதனால் சும்மா கொடுக்கவும் முடிந்தது. ஸ்னோயி பால்கனியில் அத்தனை நாள் கிடந்ததில் அந்த விலைக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். யாரும் பணம் தந்து வாங்க மாட்டார்கள், சும்மா கொடுக்க மனமில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது பூனை.

நான் பணம் தருவதாகச் சொல்லவில்லை. "நான் பணம் குடுத்தா இது எனக்கும் சரக்கு ஆயிடும் தம்பி. நாளைக்கு எனக்கும் முடியலன்னா இதே யோசனதான் வரும்" என்றேன். அவர் யோசித்தார். "பாப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறோம்க்கா" என்றார். சரியான பேச்சு. அந்த வீட்டில் பூனையின் உண்மையான உரிமைக்காரி அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடுதித் தொலைபேசியில் வரிசையில் நின்று பேசுவாள். அன்று என்னையும் பேசச் சொன்னார்கள். அம்மா ஏற்கெனவே விஷயத்தைச் சொல்லியிருந்தாள். சரி என்றோ வேண்டாம் என்றோ மகள் எதுவும் சொல்லவில்லை. "ஆன்ட்டி, கண்ண தெனமும் தொடைக்கணும். வெதுவெதுன்னு தண்ணில பஞ்ச முக்கி, உள்ள இருந்து வெளிய. மூஞ்சில தண்ணி ஊத்துனா பிடிக்காது. சீவும்போது வயித்துல கடைசியா சீவுங்க, அங்க தொட்டா கோவம் வரும்." பின்னால் அடுத்தவள் அவசரப்படுத்தும் குரல் கேட்டது. "நான் லீவுக்கு வந்தா வந்து பாக்கலாமா ஆன்ட்டி?" எப்போது வேண்டுமானாலும் வா என்றேன். அந்த வீட்டில் அந்தப் பூனையைப் பற்றி அத்தனை தெரிந்த ஒரே ஆள் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். 1903-இல் தொடங்கிய கல்லூரி, நகரத்தின் மாடும் குதிரையும் நாயும் பூனையும் தலைமுறைகளாக ஏறிய படிகள். முடியைக் கத்தரிக்கோலால் வெட்ட முயல வேண்டாம் என்று அங்கே முதலிலேயே சொன்னார்கள். பூனையின் தோல் மெல்லியது. சிக்கு அதை மேலே இழுத்துவைத்திருக்கும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவோம். மயக்க மருந்து கொடுத்து மெஷினால் மழித்தார்கள். முதுகிலும் தொடையிலும் முடி கம்பளித் துண்டாகவே கழன்று வந்தது. அதன் கீழே தோல் சிவந்து, அக்குளில் புண். தெள்ளுப்பூச்சி. முடியெல்லாம் போன பிறகு மேசைமேல் கிடந்தது வேறொரு பிராணி. விலா எலும்பை எண்ணலாம். எடை இரண்டேகால் கிலோ. இந்த வயதுப் பெர்சியனுக்கு மூன்றரை கிலோவாவது இருக்க வேண்டும்.

அன்று மாலை அந்த வீட்டு அம்மா பார்க்க வந்தாள். மழித்த உடம்பைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். "எனக்குத் தெரியலக்கா. முடி குண்டாக் காட்டுச்சு" என்றாள். அதை நான் நம்பினேன். நாட்டுப் பூனை மெலிந்தால் ஒரே வாரத்தில் கண்ணுக்குத் தெரியும். பெர்சியன் பட்டினியை மறைத்துவைக்கும் உடை போட்டிருக்கிறது. வீட்டில் அப்படியொரு பூனை இருந்தால் கண்ணால் பார்த்தால் போதாது. விரலை முடிக்குள் விட்டு முதுகெலும்பையும் விலாவையும் தடவிப் பாருங்கள், வாரம் ஒருமுறையாவது எடை பாருங்கள். இதை எழுதுவதற்கே இந்தக் கட்டுரை என்று வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

எங்கள் வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கடியில் போய்ப் புகுந்தது. இடம் மாறிய பூனை ஒளியும், அதைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஆனால் சாப்பிடாமல் இருக்கவும் விடக் கூடாது. சில நாள் தொடர்ந்து உணவில்லாமல் இருந்தால், உடம்பிலுள்ள கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து உயிருக்கே கேடாகலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். கோழியை உப்பில்லாமல் வேகவைத்து, உதிர்த்து, கட்டிலுக்கடியில் தள்ளினோம். முதலில் இரவில் மட்டும் தின்றது. பிறகு நான் அறையில் இருக்கும்போதே தின்றது. நாய் ஆளைத் தேடும், பூனை வீட்டைத்தான் தேடும் என்று சொல்வார்கள். அது முழு உண்மையில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். என் கணவர் வேலைவிட்டு வரும் நேரத்துக்கு ஸ்னோயி வாசற்கதவுக்கு எதிரே வந்து உட்காருகிறது.

பெயரை நாங்கள் மாற்றவில்லை. பூனைகள் தங்கள் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்து அறிகின்றன என்று ஜப்பானின் அட்சுகோ சைட்டோ குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அந்த வீட்டு மகள் இட்ட பெயரைக் கேட்டால் இன்றும் அதன் காது திரும்புகிறது. அதை அழிக்க எனக்கு உரிமையில்லை.

ஏற்றுக்கொள்வது என்றால் என்ன என்று பிறகு வந்த மாதங்கள் சொன்னன. குடற்புழு மருந்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி, கருத்தடை அறுவை, பல். பெர்சியன்களில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் உண்டு. மேலை நாடுகளில் செய்த ஆய்வுகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட பெர்சியன்களுக்கு அது இருந்திருக்கிறது. ஸ்கேனில் ஸ்னோயியின் இடது சிறுநீரகத்தில் சிறு கட்டிகள் தெரிந்தன. குணப்படுத்த முடியாது. தண்ணீர் நிறையக் குடிக்கவைப்பது, ஈரமான உணவு கொடுப்பது, ரத்தம் பார்த்துக்கொண்டே இருப்பது, அவ்வளவுதான் செய்ய முடியும். பூனையின் மூதாதை பாலைநிலத்துப் பிராணி, இயல்பிலேயே தாகம் குறைவு. அதனால் வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர் வைத்திருக்கிறோம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எல்லோர் வீட்டிலும் இருக்கும் பொருள் என்பதால்: காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரையே கொன்றுவிடும். உடம்பு சுடுகிறதே என்று இரக்கப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த வீட்டு அம்மா இப்போது சில மாலைகளில் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். சோபாவில் உட்கார்ந்து ஸ்னோயியைச் சீவிவிடுகிறாள். மகள் லீவுக்கு வந்தபோது பகல் முழுக்க இங்கேதான் இருந்தாள், வயிற்றைக் கடைசியாகத்தான் சீவினாள். மாமியாருக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் யாராவது இருந்தால் அவர்களால் கோயிலுக்கோ கடைக்கோ போய்வர முடியும் என்பதும் ஸ்னோயி வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பாய் வீட்டு அம்மாவும் நானும் முறைபோட்டுப் போய் உட்காருகிறோம்.

எங்கள் கட்டடத்தில் அந்த இடைவெளியைப் பார்த்தபடி வேறு சமையலறைச் சன்னல்களும் இருக்கின்றன. இரண்டாவது மாடியில் இருக்கும் ஆசிரியை ஒருநாள் லிஃப்டில் என்னிடம் சொன்னார், "கேட்டா குடுத்துடுவாங்கன்னு தெரிஞ்சிருந்தா நானே கேட்டிருப்பேங்க." ஐந்தாவது மாடியிலும் ஒருவர் இதையே சொன்னார்.

எனவே இதைப் படிக்கிறவர்களில், பால்கனியிலோ குளியலறையிலோ ஒரு பூனையை வைத்துக்கொண்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர் யாராவது இருந்தால், அவரிடம்தான் என் வேண்டுகோள். வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, என்னால் முடியவில்லை, நீங்கள் வைத்துக்கொள்கிறீர்களா என்று இன்றைக்கே கேளுங்கள்.